பகுபதம் பிரிக்கத் தெரியுமா? நீளமான ஆங்கிலச் சொல்லும் பிரியும்

எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் பெயர் திருப்பாதிரிப்புலியூர். வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்து, அதன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் தடுமாறுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கடலூர்ப் பிள்ளைகள் தடுமாறுவதில்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட அந்த எழுத்துகள் எங்களுக்கு மூன்றே துண்டு: திரு, பாதிரி, புலியூர். பாதிரி, பாடலீஸ்வரர் கோயிலின் தலமரம். புலிக்கால் முனிவர் வழிபட்ட ஊர் என்பதால் புலியூர். துண்டுகள் தெரிந்துவிட்டால் பெயர் நீளமாகவே தெரியாது.

தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு நர்சிங், பாலிடெக்னிக், பி.காம் என்று சேர்ந்து, முதல் வருடப் புத்தகத்தைத் திறந்ததும் மலைத்துப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு அப்படி ஆறேழு பேர் படிக்க வருகிறார்கள். வந்த புதிதில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள்: நீளமான சொல்லை எழுத்து எழுத்தாக நெட்டுருப் போடுவது. பதினாறு எழுத்தை வரிசை மாறாமல் மனதில் நிறுத்த எவ்வளவு உழைப்பு! அந்த உழைப்பு தேவையே இல்லை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தோமே, பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறு உறுப்பு, அந்தக் கண்ணோடு பார்த்தால் போதும்.

வாய்க்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு

ஆங்கிலச் சொல்லை இரண்டு விதமாக வெட்டலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் சிக்கல். 'டீச்சர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய் அதை டீ-ச்சர் என்று இரண்டாக உடைக்கிறது. பொருள் வேறு இடத்தில் உடைகிறது: டீச் என்றால் கற்பி, அர் என்றால் செய்பவர். முதல் வெட்டு உச்சரிக்க, அடுத்தது புரிந்துகொள்ள. வாய் வெட்டும் துண்டை அசை என்றும், பொருள் வெட்டும் துண்டை உறுப்பு என்றும் இங்கே சொல்கிறேன்.

அசை என்றதும் யாப்பிலக்கணத்தில் அலகிட்டது ஞாபகம் வரும். அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. 'கடவுள்' என்பதை நாம் கட-வுள் என்று நிரை, நேர் என இரண்டு அசையாகப் பிரிப்போம். நிரையசைக்குள் இரண்டு குறில் அடங்கும். ஆங்கில அசை அப்படி இல்லை. ஒரு அசைக்கு ஒரே ஒரு உயிரொலி. அந்தக் கணக்கில் க-ட-வுள் மூன்று அசை. ஆகவே நேர், நிரையை ஓரமாக வைத்துவிட்டு, உயிரொலியை மட்டும் எண்ணுங்கள்.

முதலில் தாடையை எண்ணுங்கள்

தாடைக்குக் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை கீழே இறங்குகிறதோ, அத்தனை அசை. சிறு பிள்ளைகளுக்கான வழி என்று நினைக்க வேண்டாம், பெரியவர்களுக்கும் இதுதான் கைகொடுக்கிறது.

எழுத்து எண்ணிக்கையை நம்பக் கூடாது. 'ஸ்ட்ரெங்த்' என்ற சொல்லில் எட்டு எழுத்து, அசை ஒன்றுதான். 'ஐடியா'வில் நான்கே எழுத்து, அசை மூன்று. 'ஏரியா'வும் அப்படித்தான். 'டைம்', 'ஹோப்' போன்ற சொற்களின் கடைசியில் நிற்கும் ஈ என்ற எழுத்துக்கு ஒலி கிடையாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தமிழ் பேசுகிற நம் வாய்க்கென்று ஒரு பழக்கம் உண்டு, இங்கே அதைக் கவனிக்க வேண்டும். தமிழில் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடியாது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்தும் வராது. அதனால் ஆங்கிலச் சொல் வாயில் ஏறியதும் நாம் நம்மை அறியாமல் ஓர் உயிரைச் சேர்த்துவிடுகிறோம். 'கேட்' என்பது கேட்டு ஆகிறது, 'பேக்' பேக்கு ஆகிறது, 'ஸ்கூல்' இஸ்கூல் ஆகிறது, 'ஃபில்ம்' ஃபிலிம் ஆகிறது. ஒவ்வொன்றிலும் ஓர் அசை கூடிப்போகிறது. வீட்டில் பேசும்போது அப்படிச் சொல்வதில் ஒரு தவறும் இல்லை, அது நம் மொழியின் இயல்பு. ஆனால் அசை எண்ணும்போது இந்தக் கூடுதல் உயிரை விலக்கிவிட்டு எண்ண வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் வாலை மூடுங்கள்

என் அக்கா மகள் நர்சிங் முதல் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு வந்து ஒரு சொல்லைக் காட்டினாள். 'ஹாஸ்பிடலைசேஷன்'. பதினைந்து எழுத்து.

"மாமா, இதை எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறதுன்னே தெரியல."

"முதல்ல முடிவுல இருந்து வாம்மா. கட்டைவிரலை வச்சு வாலை மூடு."

கடைசி ஐந்து எழுத்தை மூடினாள். மிச்சத்தைப் பார்த்தும் சந்தேகம். இன்னும் இரண்டு எழுத்து தள்ளி மூடச் சொன்னேன். "ஹாஸ்பிடல்!" என்றாள் சத்தமாக. விரலை மெல்ல வலப்பக்கம் நகர்த்தினோம். ஐ, இசட் வெளியே வந்தது. ஹாஸ்பிடலைஸ், அதாவது ஆஸ்பத்திரியில் சேர். முழுவதும் விரலை எடுத்தபோது ஹாஸ்பிடலைசேஷன், ஆஸ்பத்திரியில் சேர்த்தல். 'சேர்' என்ற வினையோடு 'தல்' விகுதி சேர்ந்து தொழிற்பெயர் ஆவதைப் போலத்தான் அங்கே டி-ஐ-ஓ-என் செய்கிறது. இதைச் சொன்னதும் அவள் அடுத்த பக்கத்தைத் தானே புரட்டி 'இம்யூனைசேஷன்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

வாலிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பின்னால் ஒட்டும் விகுதிகள் திரும்பத் திரும்ப வரும். ஷன், மென்ட், நெஸ், லெஸ், ஃபுல், எபிள், லி, இட்டி, இஸ்ட், இவ் என்று இருபது முப்பதைப் பழகிவிட்டால் பாடப்புத்தகத்தின் நீளமான சொற்களில் பெரும்பகுதிக்கு வால் தெரிந்துவிடும். சொல் பெயரா, வினையா, உரிச்சொல்லா என்பதையும் வால்தான் சொல்லும். நெஸ் என்று முடிந்தால் தன்மைப் பெயர். லெஸ் என்றால் 'இல்லாத'. லி என்றால் பெரும்பாலும் நம் 'ஆக'.

வால் ஒட்டும்போது பகுதி கொஞ்சம் மாறும். 'ஹேப்பி'யோடு நெஸ் சேரும்போது ஒய் என்ற எழுத்து ஐ ஆகிவிடும். 'யூஸ்' என்பதோடு இங் சேர்ந்தால் கடைசி ஈ விழுந்துவிடும். 'ரன்' என்பதோடு சேர்ந்தால் என் இரட்டிக்கும். நமக்கு இதெல்லாம் புதிதில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று விகாரம் படித்தோமே, மூன்றும் இங்கே இருக்கின்றன.

தலையில் ஒட்டுவது

அடுத்தது முன்னால் ஒட்டும் உறுப்பு. தமிழில் விகுதி அளவுக்கு முன்னொட்டு கிடையாது, அதனால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அன், டிஸ் எதிர்மறைக்கு. ரீ மறுபடிக்கு. ப்ரீ முன்பு. மிஸ் தவறாக. சப் கீழே. டி நீக்கம்: 'டிஹைட்ரேஷன்' என்றால் உடம்பிலிருந்து நீர் போய்விடுவது, நடுவில் இருக்கும் ஹைட்ர் என்பது நீர். ஹைப்பர் மிகுதி, ஹைப்போ குறைவு. இன்டர் என்றால் இடையே, இன்ட்ரா என்றால் உள்ளே. டிரிப் ஏற்றுவதை 'இன்ட்ராவீனஸ்' என்கிறார்களே, அது சிரைக்கு உள்ளே. ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறுகிற துறைக்குப் போகிறவர்கள் இந்த ஜோடிகளைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 'இன்' என்ற எதிர்மறை ஒட்டு. பாசிபிள் என்பதோடு சேரும்போது அது இம்பாசிபிள் ஆகிறது. லீகலோடு சேர்ந்தால் இல்லீகல். ரெகுலரோடு சேர்ந்தால் இர்ரெகுலர். ஏன் இத்தனை வேடம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மரம் என்பதோடு கள் சேரும்போது ஏன் மரங்கள் ஆகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ககரத்துக்குப் போகும் நாக்கு, முன்னால் இருக்கும் மகரத்தையும் தன் இடத்துக்கு இழுத்து ஙகரமாக்கிவிடுகிறது. அங்கேயும் அதேதான். பகரம் சொல்ல உதடு மூடப்போகிறது, அதனால் முன்னால் இருக்கும் னகரமும் உதட்டுக்கு வந்து மகரமாகிவிடுகிறது. புணர்ச்சி விதி படித்தவருக்கு இது சொந்த வீடு மாதிரி.

இதே 'இன்' ஒரு ஆபத்தான இடத்தில் ஏமாற்றும். சிப்காட் பக்கம் டேங்கர் லாரிகள் போவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன் என்றால் இல்லை, ஃபிளேம் என்றால் தீ, ஆகவே தீப்பிடிக்காது' என்று எங்கள் திண்ணையில் ஒரு பையன் பிரித்தான். பிரித்த முறை சரி, முடிவு தலைகீழ். அந்தச் சொல்லில் இருக்கும் இன் எதிர்மறை இன் இல்லை, 'உள்ளே' என்று பொருள் தரும் இன், 'இன்சைட்' என்பதில் வருவது. இன்ஃபிளேமபிள் என்றால் சட்டென்று தீப்பற்றக்கூடியது. ஃபிளேமபிள் என்றாலும் அதே பொருள்தான். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் இப்போது பல இடங்களில் ஃபிளேமபிள் என்று எழுதுகிறார்கள். தீப்பற்றாதது நான்ஃபிளேமபிள். ரசாயனத் தொழிற்சாலை வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரிக்கக் கூடாததைப் பிரிக்கிற தவறும் வரும். 'அங்கிள்' என்ற சொல் யூ-என் என்றுதான் தொடங்குகிறது, அதில் அன் என்ற ஒட்டு இல்லை. 'யூனிஃபார்ம்' என்பதும் யூ-என் என்றே தொடங்கும், ஆனால் அங்கே உறுப்பு யூனி, அதாவது ஒன்று. ஒரே வடிவம் என்பதால் யூனிஃபார்ம். ஒட்டை எடுத்த பிறகு மிஞ்சுகிற துண்டுக்குப் பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். பொருள் இல்லையென்றால் அது பகாப்பதம், அப்படியே விட்டுவிடுங்கள்.

நடுவில் இருக்கும் வேர்

வாலும் தலையும் போனால் நடுவில் நிற்பது பகுதி. மருத்துவச் சொற்களில் அது பெரும்பாலும் கிரேக்கம் அல்லது லத்தீன். கடலூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். பெரிய ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும் துறைப் பெயர்ப் பலகைகளே ஒரு நல்ல பாடம். ஆலஜி என்று முடிந்தால் அதைப் பற்றிய படிப்பு. கார்டி இதயம், நெஃப்ர் சிறுநீரகம், டெர்மட் தோல், நியூர் நரம்பு, ஹெமட் இரத்தம். கேஸ்ட்ரோஎன்டராலஜி என்பதில் கேஸ்ட்ர் இரைப்பை, என்டர் குடல், கடைசியில் படிப்பு. காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு ஓட்டோரைனோலாரிங்காலஜி என்று ஒரு முழுப்பெயர் உண்டு. ஓட் காது, ரைன் மூக்கு, லாரிங் குரல்வளை. மூக்கில் கொம்புள்ள மிருகத்தை ரைனோசெரஸ் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் இதோடு விளங்கிவிடும்.

இந்த வேர்களுக்கு நடுவே ஓ என்ற எழுத்து ஒன்று வந்து நிற்பதைக் கவனியுங்கள். அதற்கென்று பொருள் இல்லை. இரண்டு உறுப்பு முட்டிக்கொள்ளாமல் இணைத்துவைப்பதுதான் அதன் வேலை. புளியும் காயும் சேரும்போது நடுவில் 'அம்' வந்து புளியங்காய் ஆகிறதே, அதே சாரியை. பொருள் தேடி அந்த ஓ எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

வேர் பத்தும் வால் ஐந்தும் தெரிந்தால் ஐம்பது சொல் தெரிந்த மாதிரி. ஐட்டிஸ் என்றால் அழற்சி, கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி. எக்டமி அறுத்து நீக்குவது. ஸ்கோப்பி கருவி விட்டுப் பார்ப்பது, எண்டோஸ்கோப்பி உள்ளே விட்டுப் பார்ப்பது. அம்மாவின் சீட்டில் எழுதியிருப்பதை ஒரு பிள்ளை தானே பிரித்துப் புரிந்துகொள்வது சின்ன விஷயமா?

மிஞ்சியதை ஒலியால் உடையுங்கள்

இது சுருக்கமான வேலை. உயிரெழுத்துகளுக்கு நடுவே இரண்டு மெய் இருந்தால் நடுவில் வெட்டுங்கள்: பாஸ்-கெட், வின்-டோ. ஒரே மெய் இருந்தால் முதலில் அதற்கு முன்னால் வெட்டி, உயிரெழுத்தை அதன் சொந்தப் பெயரால் நீட்டிச் சொல்லிப் பாருங்கள்: டை-கர், பே-ப்பர். கேள்விப்பட்ட சொல்லாக ஒலிக்கவில்லை என்றால் மெய்க்குப் பின்னால் வெட்டி, குறிலாகச் சொல்லுங்கள்: ரிவ்-அர், லெம்-அன். எல்-ஈ என்று முடியும் சொல்லில் அந்த இரண்டோடு அதற்கு முந்தைய மெய்யும் சேர்ந்து ஓர் அசை: டே-பிள், கேண்-டில். எஸ்-ஹெச், சி-ஹெச், டி-ஹெச், பி-ஹெச் ஜோடிகளுக்கு ஒலி ஒன்றுதான், நடுவில் கத்தி வைக்காதீர்கள்.

ஆனால் 'மிஸ்ஹேப்' என்று ஒரு சொல் இருக்கிறது, அசம்பாவிதம் என்று பொருள். எழுத்தில் எஸ்-ஹெச் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் 'மிஷாப்' என்று படித்துவிடுவார்கள். மிஸ் தனி உறுப்பு, ஹேப் தனி உறுப்பு என்று முதலிலேயே பிரித்தவர் ஏமாறமாட்டார். பொருள் வெட்டை முதலில் போடுங்கள், ஒலி வெட்டை அடுத்துப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த அசையில் அழுத்துவது

தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்வோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை அடங்கும். ஓங்க வேண்டிய இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது. 'போட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும். 'போட்டாக்ரஃபி' என்று ஆனதும் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகிறது. 'போட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசைக்கு. அழுத்தத்தை இழுப்பது வால்தான். ஷன், இக், இட்டி என்று முடிந்தால் அதற்கு நேர் முன்னால் இருக்கும் அசை ஓங்கும். 'பாலிடிக்ஸ்' போலச் சில விலக்கு உண்டு, அவற்றைக் காதால் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம். ஆலஜி என்றால் அந்த 'ஆ' ஓங்கும்.

ஒரு சொல்லை முழுவதும் பிரித்துப் பார்ப்போம்

இர்ரெஸ்பான்சிபிலிட்டி. பதினாறு எழுத்து. வாலை மூடுங்கள், இட்டி போகிறது. மிஞ்சுவது இர்ரெஸ்பான்சிபிள், ஆனால் எழுத்தில் பி-எல்-ஈ இருக்க வேண்டிய இடத்தில் பி-ஐ-எல் இருக்கிறது. இட்டி சேரும்போது வந்த விகாரம் அது. தலையில் இர், அதாவது ரகரத்துக்கு முன்னால் வேடம் மாற்றிய இன். நடுவில் ரெஸ்பான்ஸ், பதில் சொல்வது. இபிள், கூடிய. ஆக, பதில் சொல்லக்கூடிய தன்மை இல்லாமை, பொறுப்பின்மை. இப்போது தாடையில் கை: இர்-ரெ-ஸ்பான்-சி-பி-லி-ட்டி, ஏழு. ரெஸ்பான்சிபிள் என்று இருந்தபோது 'ஸ்பான்' ஓங்கியது. இட்டி வந்ததும் அதற்கு முன்னால் இருக்கும் 'பி' ஓங்குகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி ஐந்து முறை சத்தமாகச் சொல்லுங்கள்.

நோட்டில் செய்யும்போது சொல்லை எழுத்துகளுக்கு இடம்விட்டுப் பெரிதாக எழுதி, உறுப்பு வெட்டுக்குச் சிவப்பு மையில் நேர்கோடு, அசை வெட்டுக்குப் பென்சிலில் சாய்கோடு, ஓங்கும் அசைக்கு மேலே ஒரு புள்ளி போடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் போகிற பிள்ளைகள் ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் மூன்றையும் பிரித்துவிட்டு, அரியாங்குப்பம் வருவதற்குள் நோட்டை மூடி மனதுக்குள் சொல்லிப் பார்க்கலாம். அகராதியோடு ஒத்துப்பார்க்கும்போது, ஓர் அகராதி ஓர் இடத்தில் புள்ளி வைத்திருக்கும், இன்னொன்று வேறு இடத்தில் வைத்திருக்கும். அந்தப் புள்ளிகளில் பல, அச்சில் வரி முடியும்போது எங்கே உடைக்கலாம் என்பதற்காக வைத்தவை. அதற்காக மனம் தளர வேண்டாம், அசை எண்ணிக்கை ஒத்துவந்தால் சரி.

இப்படிப் பிரித்துப் பழகினால் ஸ்பெல்லிங் தானாகத் திருந்தும். 'கவர்ன்மென்ட்' என்பதில் என் எழுத்தை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். கவர்ன், அப்புறம் மென்ட் என்று கோடு போட்டவர் விடமாட்டார். 'டிஸ்அப்பாயின்ட்' என்பதில் டிஸ் தனி, அப்பாயின்ட் தனி. ஆகவே எஸ் ஒன்று, பி இரண்டு. 'அன்நெசசரி' என்பதில் அன் முடிகிற இடத்தில் ஒரு என், நெசசரி தொடங்குகிற இடத்தில் ஒரு என், ஆக இரண்டு.

பாண்டியில் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அங்கே தெருப்பெயர்ப் பலகையில் இந்த விதிகளை வைத்து வெட்டாதீர்கள். அவை பிரெஞ்சு. சொல்லின் கடைசியில் நிற்கும் மெய் அந்த மொழியில் பெரும்பாலும் ஒலிக்காது. துய்மா வீதியின் பலகையில் கடைசி எழுத்து எஸ், ஆனால் அதை யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்துக்குள் வந்துவிட்ட பிரெஞ்சுச் சொற்களும் சில அப்படியே இருக்கின்றன. பஸ் டெப்போ என்று தினமும் சொல்கிறோமே, அதன் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள், கடைசியில் டி நிற்கிறது. இந்த மாதிரிச் சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் ஒதுக்கி, பக்கத்திலேயே தமிழில் உச்சரிப்பை எழுதிவையுங்கள்.